தறிக்குழி இருந்த இடத்தில் அலமாரி

பிள்ளையார்பாளையத்து வீடுகளுக்குள் கட்டிலும் மேசையும் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, தரையோடு சேர்த்துப் பொருத்திய மரச்சாமான் ஒன்று அங்கே இருந்தது. அதுதான் தறி. காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கத்தில், கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் நெசவாளர் பகுதி இது. திண்ணை, நடை, அடுத்துத் தறி போட்ட கூடம், மற்றதெல்லாம் அதற்கப்பால். பெட்டியை நகர்த்தலாம், ஊஞ்சலைக் கழற்றி மாட்டலாம். தறி அப்படியில்லை. அது போட்ட இடத்தைச் சுற்றித்தான் வீட்டார் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், கல்யாணப் பேச்சுப் பேசினார்கள்.

குழித்தறி போடுவதென்றால் முதல் வேலை மண்வெட்டி வேலை. நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதியை மிதிக்கும் அளவுக்குக் குழி வெட்டுவார்கள். தறியைத் தாங்கும் கம்பங்கள் தரைக்குள் இறங்கி நிற்கும். சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. சாணம் மெழுகிய மண்தரை எந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் கவலையில்லை. ஒரு கம்பத்தை இரண்டு விரற்கடை கூடுதலாக இறக்கினால் சரிவு காணாமல் போய்விடும். தரையை மட்டப்படுத்த யாரும் மெனக்கெடவில்லை. தறியைத்தான் மட்டப்படுத்தினார்கள். மூலைக்கு மூலை குறுக்காகக் கயிறு பிடித்து, இரண்டு குறுக்கும் ஒரே நீளமா என்று பார்ப்பார்கள். வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். கம்பத்தைத் தட்டி, ஆப்பு இறக்கி, மறுபடி கயிறு பிடிப்பார்கள். கம்பத்தைச் சுற்றி மண்ணைப் போட்டு இடிப்பது கடைசி வேலை.

இத்தனை பாடு எதற்கு? காரணம் சேலையில் இருக்கிறது. சேலை சுற்றும் மரமும், எதிர்க்கோடியில் பாவைத் தாங்கும் மரமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், பாவு ஒரு பக்கம் விறைத்தும் மறுபக்கம் தளர்ந்தும் போகும். விறைத்த பக்கம் இழை அறும். தளர்ந்த பக்கம் துணி நெளியும். ஊடை நேராக ஓடாமல் சாயும். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா, இரண்டு ஆள். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். தாழம்பூ ரேக்கு இரண்டு கரையிலும் எதிரெதிராக, ஒன்றையொன்று பார்த்தபடி ஏற வேண்டும். தறி கோணினால் இடக்கரையின் பல்லும் வலக்கரையின் பல்லும் ஒரே வரியில் நிற்காது. நாடா ஓடும் பாதை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் எறிவது சுலபம், திருப்பி எறிவது சிரமம். சாயங்காலத்துக்குள் ஒரு தோள்பட்டை மட்டும் நோவெடுக்கும். ஆக, மட்டம் தப்பினால் துணியிலும் தெரியும், உடம்பிலும் தெரியும். வாங்குகிறவர் சேலையை நாலாய் மடிக்கும்போது கரைகள் பொருந்தாவிட்டால் கூலியிலும் தெரியும்.

ஜக்கார்டு பெட்டி வந்த பிறகு இந்தக் கணக்கு தலைக்குமேலும் ஏறியது. பிரான்சின் லியோன் நகரில் 1804 வாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இயந்திரம், அட்டையில் இருக்கும் துளைகளைப் படித்து எந்த இழை எழும்ப வேண்டும் என்று முடிவு செய்யும். அதற்குமுன் அடை கட்டிக் கையால் இழுத்து எழுப்பிய கோலத்தை இப்போது பெட்டி எழுப்பியது. பெட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் கீழே தொங்கும். பெட்டி நடுவில் நேராக உட்காராவிட்டால் ஒரு பக்கத்து இழை முழுதாக எழும்பும், மறுபக்கம் அரைகுறையாக எழும்பும். கொத்தனாரின் தூக்குண்டு தறிக்காரருக்கும் தேவைப்பட்டது. ஓட்டு வீட்டின் உயரம் போதாத இடங்களில் பெட்டிக்காகக் கூரையையே தூக்க வேண்டியிருந்தது.

குழித்தறியைப் பற்றிப் புகழ்ந்தே பேசிக்கொண்டிருந்தால் அந்த வீடுகளில் மழைக்காலம் கழித்தவர்கள் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறினால் குழியில் தண்ணீர் ஊறும். முகந்து ஊற்றினாலும் மறுநாள் ஊறும். 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை போன்ற பருவத்தில் தறி ஓடாது, கூலியும் வராது. மிதமான ஈரம் பாவுக்கு நல்லது, இழை அறுவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலியோடு ஈரக்குழியில் உட்கார்ந்தவருக்கு அது ஆறுதலாகாது. நாற்பது வருஷம் நெய்தவரின் முழங்காலைக் கேட்காமல் பழைமையைப் போற்றக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்து வந்தது குழியில்லாத சட்டத்தறி. பலகை போட்டு உயரத்தில் உட்கார்ந்து நெய்வது. மாடி கட்டிய பிறகு இதுதான் வழி. கான்கிரீட் தளத்தில் குழி வெட்ட முடியாதே. 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் தறி, உபகரணங்களின் விலையில் 90 சதவீதத்தை அரசு ஏற்றது. மீதி நெசவாளர் பொறுப்பு. புதுச் சட்டம் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் தரைமேல் நிற்கிற எதுவும் தரையின் குணத்துக்குக் கட்டுப்பட்டதுதான். டைல்ஸ் போட்ட தரையில் நான்கு காலில் ஒன்று ஆடினால், பட்டென்று ஒரு மரச்சக்கையைச் சீவி அடியில் கொடுக்க வேண்டும். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சட்டம் அதிரும், சக்கை நழுவும். மண்ணுக்குள் இறங்கிய கம்பத்துக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

இதற்கிடையில் பிள்ளைகள் நெசவை விட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு நெய்த குடும்பத்துக்குச் சாதாரண விஷயமில்லை. தறியைப் பிரித்தார்கள், குழியை மூடினார்கள், மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். கூடத்தை இரண்டாகத் தடுத்து ஒரு பாதி சமையலறையானது. அங்கேதான் இப்போது மாடுலர் கிச்சன் வந்து நிற்கிறது.

பழைய அடுப்பங்கரையில் பொருத்துவதற்கென்று தனிச் சாமான் இருந்ததில்லை. சுவரே சாமான். விளக்குக்கு மாடக்குழி, பானைக்குப் பரண், டப்பாக்களுக்குச் சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டு. கல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தரை எப்படி இருந்தால் என்ன? தரைக்கு வேறு வேலை இருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் தானாக ஓடி வெளியே போக வேண்டும். அதற்காகப் பத்தடிக்கு ஓரங்குலம் அளவில் வாட்டம் கொடுத்துப் போட்டார்கள். இன்று அதே தரையில் லேசர் மட்டத்தை வைத்துப் பார்க்கும் தம்பி, "தரை கோணலா இருக்குங்க ஐயா" என்கிறார். வீட்டுப் பெரியவர் விடுவாரா? "கோணல் இல்லப்பா, தண்ணி போறதுக்கு விட்டது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தண்ணீருக்காகப் போட்ட தரையில் பெட்டிக்காரர் வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

பெட்டிக்காரரின் முறை இது. லேசரின் பச்சைக்கோடு சுவரைச் சுற்றி ஓடும். அந்தக் கோட்டிலிருந்து தரைக்குப் பல இடங்களில் டேப் பிடிப்பார். அளவு எங்கே குறைவோ அதுதான் தரையின் மேடு. பெட்டிகள் நிற்க வேண்டிய உயரத்தை அந்த மேட்டிலிருந்துதான் குறிக்க வேண்டும்; பள்ளத்திலிருந்து குறித்தால் மேட்டுக்கு வரும்போது பெட்டியின் அடியை அறுக்க நேரும். கீழ்ப்பெட்டிகளுக்குத் திருகுக் கால்கள் இருக்கும், சுமார் 100 முதல் 150 மி.மீ. உயரம். மேட்டில் காலைச் சுருக்கி, பள்ளத்தில் நீட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுவார். மூலைப் பெட்டியில் தொடங்கிப் பக்கத்துப் பெட்டியை அதோடு சேர்த்து முடுக்குவார். சுவர் வளைந்திருந்தால் ஓரப்பட்டியைச் சுவரின் வளைவுக்கே கோடு இழுத்துச் சீவி ஒட்டுவார். கால்களை மறைக்க முன்னால் ஒரு பட்டி. வீட்டுக்காரர் கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும். அந்தப் பட்டியின் ஒரு கோடி உயரமாகவும் மறுகோடி குட்டையாகவும் இருப்பதைக் குனிந்து பார்ப்பவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார்.

இந்த அடுக்குப்பெட்டிச் சமையலறைக்கு மூதாதை 1926-இல் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் குடியிருப்புகளில் அதைப் போட்டார்கள். வீட்டோடு சேர்த்தே திட்டமிட்டதால் தரையும் பெட்டியும் சண்டை போட வழியில்லை. நம் ஊரில் வீடு முதலில் வருகிறது, பெட்டி இரண்டு தலைமுறை கழித்து வருகிறது. அதனால் கொத்தனார் மேடை கட்டிக் கிரானைட் போட்டுவிட, தச்சர் கதவு மட்டும் பொருத்தும் வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. அதில் கொத்தனார் அரை அங்குலம் தவறினால் தச்சர் அரைநாள் இழைக்க வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் எனக்குப் பெரிதாகப்படும் வித்தியாசம் வேறு. தறியின் கோணல் முதல் முழத்திலேயே துணியில் எழுதிக் காட்டிவிடும். அன்றே பிரித்துச் சரிசெய்வார்கள். அலமாரியின் கோணல் அப்படி உடனே பேசாது. முதலில் ஒரு கதவு தானாகத் திறந்துகொள்ளும். கீலைத் திருகிச் சமாளிப்போம். பிறகு இழுப்பறை சிக்கும். சரியாக ஊன்றாத கால்மேல் கிரானைட்டின் பாரம் இறங்கி இறங்கி, பெட்டியின் அடிப்பலகை தொய்ந்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவோம். பொருத்தியவர் அதற்குள் வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருப்பார். துகள்பலகையாக இருந்தால் தரை கழுவிய தண்ணீரைக் குடித்து ஊதியும் போயிருக்கும். தண்ணீர் தாங்க 710 பிளைவுட் போடுங்கள், இல்லை பிவிசி போடுங்கள் என்று கடைக்காரர் சொல்வது இதற்குத்தான். பிவிசி ஊதாது, கரையானும் தொடாது; கோணலாக வைத்தால் அதுவும் கோணும்.

மூடிய குழி இன்னொரு சிக்கல். கையில் கிடைத்த கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே மணல் பரப்பி, அன்றே சிமெண்ட் பூசினால் உள்ளே பொந்துகள் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனால் மண் அமுங்கும். டைல்ஸ் மட்டும் காற்றில் பாலம்போல நிற்கும். முறையாகச் செய்வதென்றால் முதலில் மிதி, கட்டை, குப்பை எதையும் உள்ளே விட்டுவைக்கக் கூடாது. மரம் மக்கினால் பள்ளம், கரையான் வந்தால் அதைவிடத் தொல்லை. அரையடிக்கு ஒரு அடுக்காக மணல் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அடுத்த அடுக்குப் போட வேண்டும். மேலே கான்கிரீட் போடும்போது குழியின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் ஓரடியாவது பழைய கெட்டித்தரைமேல் படிய வேண்டும். ஏற்கெனவே மூடி டைல்ஸும் போட்டாகிவிட்டது என்றால், அளவெடுக்க ஆள் வரும் அன்றைக்குக் குழி இருந்த இடத்தைச் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக் காட்டிவிடுவது நல்லது. விரல்முட்டியால் தட்டினால் டொக்கென்று வேறு சத்தம் வரும் டைல்ஸ்மேல் பெட்டியின் கால் வராதபடி அவர் அகலத்தை மாற்றிக்கொள்வார், அல்லது அந்தப் பெட்டியைத் தரையில் நிறுத்தாமல் சுவரில் தொங்கவிடுவார்.