மேகம் ஏறுமுன் உலக முடிவுக்கு

திருகோணமலையில் வளரும் நமக்கு உயரம் என்றதும் நினைவுக்கு வருவது சுவாமி மலைதான். பிரெட்ரிக் கோட்டை வழியாக ஏறி, நூறு மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறையிலிருந்து கடலைப் பார்த்திருப்போம். ஹோட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ காட்சிமுனையிலோ பள்ளம் ஏறத்தாழ 870 மீற்றர்.

நுவரெலியாவுக்குத் தெற்கே, 2,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ள இச்சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நடைபாதை வட்டமானது. ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மூன்று மணித்தியால நடை. சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். புல்வெளியில் மரைகள் மேயும்.

காலையிலேயே போகவேண்டும் என்பார்கள். ஏன்? வெயில் ஏற ஏற, கீழேயுள்ள பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மலைச்சரிவோடு மேலெழும். உயரத்தில் அது குளிர்ந்து மேகமாகும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளம் முழுவதும் மூடிவிடும். நாங்கள் குடும்பத்தோடு சென்றபோது முந்திய இரவு நுவரெலியாவில் தங்கி, சுபஹ் தொழுததும் புறப்பட்டோம். எட்டு மணிக்குக் கீழே தேயிலைத் தோட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் திரும்பும்போது வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை மட்டுமே. “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

பள்ளம் என்றதும் பெற்றோர் பயப்படுவது நியாயமே. பாதை கடினமானதல்ல, ஆபத்து விளிம்பில்தான் இருக்கிறது. பனியில் நனைந்த கல் வழுக்கும். பிடிப்பான சப்பாத்தும் குளிருடுப்பும் அவசியம். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை முற்றாகத் தவிர்க்கவேண்டும்.

நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுகிறார்கள். சிலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். ஆனால் உணவு வாசனையுள்ள பொலித்தீனை மரைகள் விழுங்கிவிடும். இன்னொரு காரணம் நம் ஊரோடு தொடர்புடையது. இங்குள்ள புல்லும் பாசி படர்ந்த மரங்களும் மழையையும் மூடுபனியையும் பிடித்துவைத்து ஓடைகளாக விடுகின்றன. பேக்கர் நீர்வீழ்ச்சியின் நீர் வளவை கங்கையாகத் தெற்கே போகிறது. வேறு ஓடைகள் மகாவலியில் சேர்கின்றன. 335 கிலோமீற்றர் ஓடும் அந்த மகாவலி, மூதூர்ப் பக்கத்து வயல்களுக்கு நீர் தந்து, நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது.

ஆகவே, தோழியரே, அங்கே நாம் விருந்தினர் மட்டுமல்லர். அந்த மலையின் தண்ணீரில் நமக்கும் பங்குண்டு. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவது நம் வீட்டு வாசலைக் கூட்டுவது போன்றதே.