காக்கியும் காகிதமும்



'காவல்துறை உங்கள் நண்பன்' என்று ஸ்டேஷன் சுவரில் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் படித்திருப்போம். நண்பன் வீட்டுக்குப் போக யாராவது பயப்படுவார்களா? எங்கள் தெருவில் பயப்படுகிறார்கள்! "ஸ்டேஷனுக்குப் போனா இருக்கறதும் போயிடும்" என்பார் எங்கள் அப்பத்தா. சைக்கிள் காணாமல் போனாலும், மார்க் ஷீட் தொலைந்தாலும் 'டீ செலவு' இல்லாமல் வேலை நடக்காது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

எல்லாப் போலீஸ்காரரும் அப்படியா? இல்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்!

சரி, தவறு நடந்தால் நாம் என்ன செய்வது? கூச்சல் போட்டால் நம் மேலேயே கேஸ் திரும்பும். காகிதம்தான் நம் ஆயுதம்.

1986-ல் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த டி.கே.பாசு, லாக்கப் மரணச் செய்திகளைக் குறிப்பிட்டு உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று! 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன்படி,

* கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும்.
* தேதி, நேரத்தோடு கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
* உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும்.
* காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

புகாரை வாங்க மறுத்தால்? திருட்டு, அடிதடிக் கொள்ளை போன்ற குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படியும், ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லுங்கள். நோட்டில் பினாப்தலீன் பவுடர் தடவித் தருவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பு! கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நாம் பார்த்த அதே நிறம்தான். 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. மிரட்டி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் போட்ட பிரகாஷ் சிங், ஓய்வு பெற்ற டி.ஜி.பி.! உள்ளே இருந்தவரே கேட்டிருக்கும்போது நாம் கேட்கக் கூடாதா?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே பலரும் அப்படித்தான். நம் தெருவில் மனு எழுத ஆள் தேடி அலைகிறார்கள். அதை நாமே எழுதிக் கொடுப்போமே! தேதி, நேரம், இடம், நடந்தது... இவ்வளவுதான். எழுதுங்கள், ரசீது வாங்குங்கள், ஒரு காப்பி வீட்டில் வையுங்கள். நாம் படித்த படிப்பு நம் தெருவுக்கும் உதவட்டும்!