கல்லூரி வாசலில் ஓர் ஊழியர்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல் துறை

ஊழியர் என்ற சொல்லைக் கேட்டதும் அரசு ஊழியர், வங்கி ஊழியர், மின்வாரிய ஊழியர் என்றுதான் நமக்கு நினைவு வரும். கிறிஸ்தவர்கள் வழங்கும் பொருள் வேறு. இறைவனுக்குச் செய்யும் பணியை அவர்கள் ஊழியம் என்கிறார்கள். அப்பணியைக் கல்லூரி மாணவர்களிடையே மட்டும் செய்பவர் மாணவர் ஊழியர். நம் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்திலும் விடுதிச் சாலைத் தேநீர்க் கடையிலும் தோளில் துணிப்பையோடு நிற்கும் ஒருவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காப்பீட்டு முகவரா, தேர்வு பாக்கி வைத்த பழைய மாணவரா என்று ஆளுக்கொன்று பேசிக்கொள்வதும் உண்டு. அவர் யார், அவருக்கு என்ன வேலை, யார் சம்பளம் தருகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆண்டுதோறும் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் அறைக்கு அடுத்த அறை அவருடையது. ஒன்றரை ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

இப்பணி பிறந்த கதை

1844-இல் லண்டன் நகரத் துணிக்கடைகளில் வேலை பார்த்த இளைஞர் சிலர், 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவரோடு கூடித் தொடங்கிய சங்கமே ஒய்.எம்.சி.ஏ. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, கடையிலேயே உண்டு உறங்கிய பிள்ளைகளுக்கு நல்ல துணை வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அந்த எண்ணம் விரைவில் கல்லூரிகளுக்கும் பரவியது. 1877-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் கிறிஸ்தவச் சங்கம் அமைந்தது. 1895-இல் சுவீடன் நாட்டில் வாட்ஸ்டெனா என்னுமிடத்தில் பல நாட்டு மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடி உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பை நிறுவின. அதை உருவாக்க முன்னின்ற அமெரிக்கர் ஜான் மாட், 1946-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

நம் நாட்டு வரலாற்றில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. 1874-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பட்டம் பெறாமலே வெளியேறியவர். 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னாட்டு ஊர்கள்தோறும் சென்று இளைஞர்களைச் சந்தித்தார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில், அயல்நாட்டு ஊழியர்கள் இந்தியர்களுக்காக உழைத்ததை மறக்காமல் நன்றியோடு சொல்லிவிட்டு, சரிசமமான நட்பைத்தான் இன்னும் தரவில்லை என்ற கருத்தில் அவர் பேசியது அங்கிருந்தோரை உலுக்கியது. 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மாணவர் ஊழியத்தின் உயிர்நாடி நட்புதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே 1912-இல் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் அமைந்தது. கத்தோலிக்க மாணவர்களுக்கென ஐக்கஃப் என்ற அமைப்பு 1924-இல் தோன்றியது. அதன் வழிகாட்டியாகப் பல ஆண்டுகள் இருந்தவர் பியர் செராக் அடிகளார். பிரான்சில் பிறந்து 1937-இல் இந்தியா வந்த இவர், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். கல்லூரி மாணவர்களை ஏழை மக்கள் வாழும் இடங்களில் உடலுழைப்பு முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். 2012-இல் தமது 98ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். யூ.இ.எஸ்.ஐ. என்ற மாணவர் ஒன்றியம் 1954-இல் உருவானது. அதை வளர்த்தவர்களுள் ஒருவரான எச். ஏனோக், சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். நம்மைப் போன்ற அரசு கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நின்றவர் என்பது அறிவியல் மாணவனாகிய எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

போதகர் வேறு, ஊழியர் வேறு

கோயிலில் ஆராதனை நடத்துவது, ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணம் முடித்து வைப்பது ஆகியவை போதகர் அல்லது பாதிரியார் வேலை. மாணவர் ஊழியருக்கு அங்கியும் இல்லை, பீடமும் இல்லை. அண்ணன் படித்தது இளம் அறிவியல் வேதியியல். கூட்டங்களை நடத்துவோர் மாணவர்களே. செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்களுள் ஒருவர்தான். ஊழியர் பின்னால் நின்று பழக்கிவிடுகிறார். "நான் இல்லாட்டியும் கூட்டம் நடக்கணும். அப்பதான் நான் ஒழுங்கா வேலை பார்த்தேன்னு அர்த்தம்" என்பார்.

அவர் ஏன் கல்லூரிக்கு உள்ளே வருவதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அரசு நிதியிலேயே முழுவதும் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயக் கல்வி புகட்டக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. தன் சமயத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது 25ஆம் பிரிவு. எடுத்துச் சொல்லும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றை எனக்கு முதலில் சொன்னவர் அண்ணனே. ஆகவே கூட்டங்கள் கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், வகுப்பு முடிந்த பிறகே நடக்கின்றன.

அவருடைய ஒரு நாள்

விடியற்காலை ஐந்து மணிக்கு அடுத்த அறையில் விளக்கு எரியும். அதைத் தியான நேரம் என்கிறார்கள். வேதத்தில் ஒரு பகுதியைப் படித்து, நாற்பது பக்க நோட்டில் நாலு வரி எழுதி, பிறகு ஜெபம். இன்னொரு நோட்டில் மாணவர் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்கு எதிரே துறை, ஊர், வீட்டு நிலைமை. "அப்பா கீழே விழுந்து கால் முறிவு", "கணிதம் இரண்டு தாள் பாக்கி", "அக்கா கல்யாணக் கடன்" என்ற குறிப்புகளைக் கண்டேன். ஒரு நாளைக்குப் பத்துப் பெயர் என்று வரிசைப்படி ஜெபிக்கிறார். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளை அந்த நோட்டிலிருந்து அவர் நினைவூட்டியவர்களில் நானும் ஒருவன். என் பெயரும் அதில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

காலை உணவு பெரும்பாலும் முந்தைய இரவுச் சோற்றில் ஊற்றிய மோர். பிறகு பேருந்து. நம் கல்லூரி போக இன்னும் மூன்று கல்லூரிகளும் ஒரு பாலிடெக்னிக்கும் அவர் வட்டத்தில் உள்ளன. பகலில் மாணவரைத் தனித்தனியே சந்திப்பார். பேச்சு பெரும்பாலும் வேதத்தைப் பற்றி இராது. விடுதிச் சாப்பாடு, ஆங்கில வழிப் பாடப்புத்தகம் புரியாமை, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத வருத்தம் இவையே மிகுதி. அவர் அதிகம் பேசுவதில்லை. தேநீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

மாலையில் வேத ஆராய்ச்சிக் குழு. ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து ஒரு பகுதியைப் படித்தார்கள். மூன்று கேள்விகள்: இங்கே என்ன எழுதியிருக்கிறது? அதற்கு என்ன பொருள்? அதனால் நான் செய்ய வேண்டியது என்ன? எங்கள் செய்முறை ஏட்டில் உப்புப் பகுப்பாய்வுக்குச் சோதனை, உற்றுநோக்கல், ஊகித்தறிதல் என்று மூன்று கட்டம் போடுகிறோமே, எனக்கு அதுதான் நினைவு வந்தது. எழுதியிருப்பதைப் பார்க்காமலே பொருள் சொல்லத் தொடங்கிய ஒரு தம்பியை, "முதல்ல வாசிப்பா, அப்புறம் பேசு" என்று அண்ணன் நிறுத்தினார். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் அங்கே எழுந்து ஐந்து நிமிடம் பேசினான். அவன் எங்கள் துறைக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தது அதற்கு அடுத்த மாதம்.

ஆண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. கல்லூரி திறந்ததும் புதியவர்களைத் தேடுவது, விடுமுறையில் முகாம், பருவத் தேர்வு நெருங்கினால் கூட்டம் கிடையாது, படிப்புதான் ஊழியம் என்று சொல்லிவிடுவார். மே மாதம் அவருக்கே பயிற்சி.

வருமானமும் வருத்தமும்

அவருக்குச் சம்பளம் தருவது அரசும் அல்ல, கல்லூரியும் அல்ல. முன்பு இதே கூட்டங்களில் இருந்து, பட்டம் பெற்று வேலைக்குப் போனவர்கள் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கைதான். தொகை கூடும், குறையும். குறைந்த மாதங்களில் அண்ணன் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தருவதை மட்டும் நிறுத்துவதில்லை. தம் இரவுச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்கிறார்.

அதைவிடக் கனமான சுமை ஒன்று உண்டு. அவர் குடும்பத்திலும் அவர்தான் முதல் பட்டதாரி. தந்தை சந்தையில் மூட்டை தூக்குபவர். பரம்பரைக் கிறிஸ்தவர்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆயினும் மகனைப் பார்க்க வந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படியாகவே, "ஒன்னப் படிக்க வச்சது இதுக்காலே? மூட்டை தூக்குன முதுகு இன்னும் வலிக்குலே" என்றார். அண்ணன் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் தந்தைக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டு, பேருந்து நிலையம் வரை நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் சிறிது நேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

என் தாயார் பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். ஆயிரம் பீடிக்கு எத்தனை மணி நேரம் குனிந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தந்தையின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். முதல் பட்டதாரியின் பட்டம் அவன் ஒருவனுடையது அன்று. வீட்டில் உள்ள அத்தனை பேரின் உழைப்பும் அதில் இருக்கிறது. அண்ணனும் அதை மறுப்பதில்லை. "அப்பாவுக்குக் கடன்பட்டிருக்கேன். இந்தப் பிள்ளைகளுக்கும் கடன்பட்டிருக்கேன். ரெண்டையும் எப்படி அடைக்கிறதுன்னுதான் தினமும் ஜெபிக்கிறேன்" என்றார். இரவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் தனிப்பயிற்சி நடத்தி, அதில் வருவதை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறார். அது போதுமா என்றால் போதாது.

எல்லா முயற்சியும் கைகூடுவதில்லை. தந்தை நோயில் விழுந்ததால் படிப்பை நிறுத்த இருந்த முதலாண்டு மாணவன் ஒருவனைத் துறைத் தலைவரிடம் அழைத்துப் போய், வார இறுதியில் ஓர் அச்சகத்தில் வேலையும் பார்த்துக் கொடுத்தார். அவன் தொடர்ந்து படிக்கிறான். அதே நிலையில் இருந்த இன்னொருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், திரும்பவில்லை. அவன் பெயர் நோட்டிலிருந்து அடிக்கப்படவில்லை. மாதம் ஒருமுறை கைபேசியில் அழைக்கிறார். எடுத்தால் பேசுகிறான்.

சின்னச் சின்ன மகிழ்ச்சிகள்

அறை மூலையில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. அதில் நிறையத் திருமண அழைப்பிதழ்கள். எல்லாம் பழைய மாணவர்கள் அனுப்பியவை. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் துறையும் ஆண்டும் எழுதி வைத்திருக்கிறார். மனம் சோர்ந்த நாளில் அவற்றை எடுத்துப் பரப்பிப் பார்ப்பாராம். தேர்வு பாக்கியை முடித்த பையன் கொண்டுவரும் கடலைமிட்டாய், முதல் சம்பளத்தில் ஒருவன் வாங்கித் தந்த சட்டை, கடைசிப் பேருந்தில் கிடைத்த சன்னலோர இருக்கை, வாசித்துக் குழம்பிய ஒரு வசனம் திடீரென்று விளங்கிய காலை, இவையெல்லாம் அவர் வாயால் நான் கேட்ட மகிழ்ச்சிகள். சென்ற கிறிஸ்துமஸுக்கு அவருடைய தந்தை கட்டுச்சோற்றோடு தாமே வந்தார். பழைய கேள்வியைக் கேட்கவில்லை. மாணவர்களுக்கும் சேர்த்துச் சோறு கட்டியிருந்தார்.

என் தாயார் ஒருமுறை, "அந்தத் தம்பி ஒன்ன வேதத்துக்கு மாத்திருவாராய்யா?" என்று கேட்டார். கொடைக்கு ஊருக்குப் போய்வந்து நான் கொடுத்த பொங்கலை அண்ணன் உண்ணவில்லை. தம் மனச்சாட்சி இடம் தராது என்று மறைக்காமல் சொன்னார். எனக்கு முதலில் வருத்தமாகவே இருந்தது. ஆனால் என்னையும் அவர் எதற்கும் வற்புறுத்தியதில்லை. நான் கேட்டால் தம் நம்பிக்கையைச் சொல்வார்; கேட்காதபோது கரிம வேதியியல் சொல்லிக்கொடுப்பார். வேறுபாட்டை மூடி மறைக்காத நட்பு அதிக நாள் நிற்கும் என்பதை இதிலிருந்து அறிந்தேன். தாயாரிடமும் இதையே சொன்னேன்.

முடிவாக

மாணவருக்குத் துணை நிற்பது எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்து அன்று. சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் 1905 முதல் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. சமயமே வேண்டாம் என்னும் நல்லவர்களும் இரவுப் பாடசாலை நடத்துகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் முதல் தலைமுறையில் படிக்க வரும் பிள்ளைக்கு வேண்டியது, தன் பெயரை நினைவில் வைத்து, "சாப்பிட்டியா, கட்டணம் கட்டியாச்சா" என்று கேட்கும் ஒரு மூத்தவரே.

வீட்டில் அப்படிக் கேட்க அண்ணனோ அக்காளோ படித்திராத மாணவர்கள் நம் வகுப்பிலேயே பலர் உண்டு. வரும் ஜூனில் முதலாண்டு மாணவர்கள் வரும்போது நம்மில் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அதில் ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டால் என்ன? என் நோட்டை நான் வாங்கி வைத்துவிட்டேன்.