கரையிறங்கும் அனுமதி

விஸா இன்றித் துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ வந்தடையும் பிரயாணியை என்ன செய்வது? வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் முறை என்று பெரும்பாலான சர்க்கார்கள் விடை கூறும். தன் எல்லையைக் காத்துக்கொள்ளும் உரிமை எந்தத் தேசத்துக்கும் உண்டென்பதை நாம் மறுக்க வரவில்லை. ஆயினும் பிரயாணிகள் அனைவரும் ஒரே விதமானவர்கள் அல்லர். நடுக்கடலில் நோய் கண்டு துடிப்பவரிடமும், கப்பல் உடைந்து கரையொதுங்கியவரிடமும், உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவரிடமும் சென்று "விஸா எங்கே?" என்று கேட்பது நியாயமாகாது. இத்தகையோருக்கென்றே அவசர அனுமதி, குறுகியகால அனுமதி என்பவை ஏற்பட்டிருக்கின்றன. அவ்வனுமதி சட்டத்தின்பாற்பட்டதா, அல்லது உத்தியோகஸ்தர்களின் தயவின்பாற்பட்டதா என்பதே நமது கேள்வி.

தயவை நம்பியவர்களின் கதி என்னவாகும் என்பதற்கு 'செயின்ட் லூயி' என்ற ஜெர்மன் கப்பலின் வரலாறு போதும். 1939-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் தேதி ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து 937 பிரயாணிகளுடன் அது கியூபாவுக்குப் புறப்பட்டது. பிரயாணிகளில் மிகப் பெரும்பாலோர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பியோடிய யூதர்கள். அமெரிக்க விஸா கிடைக்கும் வரையில் கியூபாவில் தங்கியிருப்பதே அவர்களுடைய நோக்கம். அவர்கள் கையில் கரையிறங்கும் அனுமதிச் சீட்டுகளும் இருந்தன. அச்சீட்டுகளை விற்றவர் கியூபாவின் குடியேற்ற இலாகாத் தலைவரேயாவார். ஒவ்வொன்றுக்கும் 150 டாலரும் அதற்கு மேலும் வாங்கினார். ஆனால் கப்பல் புறப்படுவதற்கு எட்டு நாள் முன்னதாகவே, மே 5-ஆம் தேதி, ஜனாதிபதி லாரேடோ புரூ ஓர் உத்தரவினால் அச்சீட்டுகளைச் செல்லாதவையாக்கி விட்டார். அவ்வுத்தரவின் எண்ணும் 937 என்பது விதியின் பரிகாசம் போலும்!

மே 27-ஆம் தேதி கப்பல் ஹவானாவை அடைந்தது. செல்லத்தக்க பத்திரங்கள் வைத்திருந்த 28 பேர் மாத்திரம் இறங்கினர். எஞ்சியவர்களில் ஒருவர் மனமுடைந்து தற்கொலைக்கு முயன்றார். அவரைக் கரைக்குக் கொண்டு சென்று வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அவருடைய மனைவி மக்களோ கப்பலிலேயே இருக்க நேர்ந்தது. கைச்சீட்டினால் திறவாத வாயில் இரத்தத்தைக் கண்ட பின்னரே திறந்தது. அதுவும் ஒருவருக்கு மட்டுமே. ஜூன் 2-ஆம் தேதி கப்பல் ஹவானாவை விட்டது. மயாமி நகரத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சென்றும் அமெரிக்க ஐக்கிய நாடு இடங்கொடுக்கவில்லை. கானடாவும் கதவை மூடிக்கொண்டது.

பின்னர் பிரிட்டன் 288 பேரையும், பிரான்ஸ் 224 பேரையும், பெல்ஜியம் 214 பேரையும், ஹாலந்து 181 பேரையும் ஏற்றுக்கொண்டன. அடுத்த வருஷமே ஹிட்லரின் சேனை மேற்கு ஐரோப்பாவுக்குள் புகுந்தது. ஐரோப்பியக் கரைக்குத் திரும்பியவர்களில் 254 பேர் மாண்டனர். 2018-ஆம் வருஷம் கானடாவின் பிரதம மந்திரி இதற்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இனிச் சட்டத்தின் வழியைப் பார்ப்போம். 1951-ல் ஏற்பட்டுப் பல முறை திருத்தப்பட்ட ஜப்பானியக் குடிவரவுச் சட்டம், விஸா இல்லாதவர் இறங்குவதற்குரிய சந்தர்ப்பங்களை வகை பிரித்துக் கூறுகிறது. வழியில் தங்கிச் செல்லும் பிரயாணி துறைமுகத்தின் அருகே 72 மணி நேரம் இருக்கலாம். நாட்டைக் கடந்து வேறு துறைமுகத்தில் ஏறுபவருக்கும், கப்பல் தொழிலாளருக்கும் 15 நாட்களுக்கு மேற்படாத அனுமதி உண்டு. நோயுற்றவருக்கும் காயமுற்றவருக்கும் வைத்தியர் பரீட்சித்தபின் அவசர அனுமதி. அது அந்தக் காரணம் நீங்கும் வரையில் செல்லும். விபத்துக்குள்ளான கப்பலில் வந்தவர்களுக்கு 30 நாள். துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர்களுக்குத் தற்காலிகப் புகலிட அனுமதி ஆறு மாதம்.

கடைசியாகக் கூறியது ஆதியில் இல்லை. 1975-ஆம் வருஷம் மே மாதத்தில் வியட்நாம் அகதிகள் கடல் வழியாக முதன்முதலில் ஜப்பானை வந்தடைந்தபோது, இவர்களை எந்த ஷரத்தில் சேர்ப்பதென்று தெரியாமல் அதிகாரிகள் விழித்தனர். அகதிகள் ஒப்பந்தத்தில் ஜப்பான் சேர்ந்ததை ஒட்டி, 1982 முதல் புகலிட அனுமதி சட்டத்தில் இடம் பெற்றது. ஏட்டில் இடம் பெற்றதே தவிர, அதைப் பெற்றவர்கள் மிகச் சிலரே என்பதையும் நாம் சொல்லாமலிருக்க முடியாது.

எனினும் நாம் முக்கியமாகக் கருதும் குறை வேறு. நோயாளிக்குரிய அவசர அனுமதியை நோயாளி தாமே கேட்க இயலாது. கப்பல் தலைவரோ, கப்பல் கம்பெனியோதான் விண்ணப்பம் செய்தல் வேண்டும். அவ்விதம் விண்ணப்பிப்பவர் மீதே நோயாளியின் உணவுச் செலவும், வைத்தியச் செலவும், இறந்துபோனால் அடக்கச் செலவும் விழுகின்றன. கேட்பவனே கொடுக்க வேண்டுமென்றால் அவன் கேட்பதற்கு முன் கணக்குப் பார்க்க மாட்டானா? அடுத்த துறைமுகம் வரையில் தாங்குவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள மாட்டானா? தலைவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்பது நமது கருத்தன்று. நல்ல மனிதனையும் இத்தகைய சோதனையில் வைப்பது சட்டத்துக்கு அழகல்ல என்றுதான் சொல்லுகிறோம்.

இதற்குப் பரிகாரம் அச்சட்டத்திலேயே இருக்கிறது. விபத்துக்குள்ளானோரைப் பற்றிய ஷரத்தின்படி, மீட்பு வேலையை நடத்தும் ஊர்த் தலைவரும் அவர்களுக்காக விண்ணப்பிக்கலாம். போலீஸாரோ கடற்காவலரோ அவர்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் குடிவரவு அதிகாரி உடனே அனுமதி தந்தாக வேண்டும். செலவுக்குப் பயப்பட வேண்டாதவர்கள் கேட்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை நோயாளியின் ஷரத்துக்கும் விரித்து, துறைமுக வைத்தியருக்கேனும் அந்த உரிமையை அளிப்பதில் ஜப்பானிய சர்க்காருக்கு என்ன தடை இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை.