யந்திரத்தின் நாடி – 9: மைனஸ் நாற்பது

எஞ்ஜினுக்குள் நீர் சுற்றிவரும் மார்க்கத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நீரின் உஷ்ணத்தை ஓயாமல் அளந்து, எஞ்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிற கூலண்ட் சென்சாரைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, அதனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற இரண்டு மெல்லிய வயர்களைப் பற்றியும் இந்த வாரம் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்புகளில் சென்சாரின் மீது எழுகிற சந்தேகம் வயரின் மீது எழுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

எனக்கு வேண்டிய பள்ளி ஆசிரியர் ஒருவர், மதுரைக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருப்பவர், பழைய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் ஒரு குறையுமின்றிக் கிளம்புகிற அந்த வண்டி, சில கிலோமீட்டர் ஓடி, மேடுபள்ளத்தில் இரண்டு முறை குலுங்கியதும், இழுவை குறைந்து, கரும்புகை கக்கி, பெட்ரோல் வாடை அடித்து, ரேடியேட்டர் மின்விசிறி நிற்காமல் சுழல, டாஷ்போர்டில் செக் எஞ்ஜின் விளக்கையும் ஏற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு மாதத்தில் இரண்டு முறை சென்சார் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் வண்டி நன்றாக ஓடியதால், பழைய சென்சாரில்தான் கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். கழற்றி மாட்டுகையில் வயர் அசைந்து, முறிந்த முனைகள் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்கேனரை மாட்டியபோது வந்த குறியீடு பி0118. கூலண்ட் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்பது அதன் பொருள். சர்க்யூட் என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சென்சார், இரண்டு வயர்கள், கனெக்டர்கள், கம்ப்யூட்டரின் உட்பகுதி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சர்க்யூட். குறியீடு அந்தத் தெருவைக் காட்டுகிறதே ஒழிய வீட்டைக் காட்டுவதில்லை.

சென்சாரின் சுபாவத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சூடேற ஏறச் செம்பு போன்ற லோகங்களில் மின்தடை கூடும். இதற்கு நேர்மாறாக, வெள்ளி சல்பைடு சூடேறும்போது மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதை 1833ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டு வியந்தார். கூலண்ட் சென்சாருக்குள் இருக்கும் சிறு வில்லையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. பரவலாகக் காணப்படும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சார் அதில் எவ்வளவை இழுத்துக்கொள்கிறது என்று பார்த்து உஷ்ணத்தைக் கணிக்கிறது. வயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அதிகத் தடை என்றால் அதிகக் குளிர் என்றே கற்பிக்கப்பட்ட கம்ப்யூட்டர், தன் கணக்கின் கடைக்கோடியான மைனஸ் 40 டிகிரியைச் சொல்லும். செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகும் இடம் அதுவே ஆதலால், ஸ்கேனர் எந்த அளவையில் இருந்தாலும் அந்த எண் மாறாது. சில கார்கள் இந்நிலையில் தாமே ஒரு உஷ்ணத்தை அனுமானித்துச் சமாளிக்கும். நம் ஆசிரியரின் கார் பனிப்பிரதேசத்தில் ஓடுவதாகவே எண்ணிப் பெட்ரோலை வாரி இறைத்தது.

நான் அருகில் அமர்ந்து ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே வர, ஆசிரியர் ஓட்டினார். 88இல் நிலையாக நின்ற எண், ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் மைனஸ் 40க்கு விழுந்து, மறுகணமே 88க்கு ஏறியது. சித்திரை வெயிலில், எஞ்ஜினுக்குள் கொதிப்பை நெருங்கி ஓடும் லிட்டர் கணக்கான நீர், கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றிருபத்தெட்டு டிகிரி குளிர்ந்து மீண்டும் சூடாக முடியுமா? முடியாது, ஆகவே மாறியது நீரின் உஷ்ணமன்று, மின்சாரத்தின் பாதை. இந்த ஒரு நியாயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள் பாதி நோயை நிர்ணயித்துவிட்டார்கள்.

எஞ்சிய பாதிக்கு ஒரு சாண் வயர் போதும். கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். கனெக்டரின் இரண்டு பின்களையும் வயரால் இணைத்தால் எண் 130க்கு மேல் பாய வேண்டும். இரண்டும் தவறாமல் நடந்தால் வயரும் கம்ப்யூட்டரும் சரி, குற்றம் சென்சாரில். இணைத்த பின்னும் எண் அசையவில்லையென்றால் வயரையே தேடிப் போக வேண்டும். (இரண்டு வயர் உள்ள சென்சாருக்கு மட்டுமே இந்தச் சோதனை, மூன்று வயர் உள்ளவற்றில் இப்படி இணைத்தால் சப்ளை ஷார்ட்டாகும்.) ஆசிரியரின் காரில் பின்களை இணைத்தபடி வயரிங்கைக் கையால் மெல்ல வளைத்துக்கொண்டு போனேன், ஓரிடத்தில் எண் தாறுமாறாகத் துள்ளியது.

கனெக்டரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, வயர் ஒரு பிராக்கெட்டின் மேல் வளைகிற இடம் அது. மேலுறை முழுசாகத்தான் இருந்தது. ஆனால் இழுத்துப் பார்த்தபோது அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீண்டது. பிளேடால் கீறினால், உள்ளே பச்சைப் பொடி. இழைகள் அத்தனையும் இற்று முறிந்திருந்தன. செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வதுண்டு. இந்தக் களிம்பு உடன்பிறந்ததன்று. எப்போதோ எவரோ வோல்டேஜ் பார்ப்பதற்காக மேலுறையில் ஊசி குத்திய துவாரம் அருகிலேயே தெரிந்தது, அதன் வழியே மழைநீர் இறங்கியிருக்கிறது. கனெக்டரின் பின்புறமாக வயரை ஒட்டி ஊசியை நுழைத்து அளப்பதற்கு அதே நேரந்தான் ஆகும். வயரைக் குத்தும் வழக்கத்தை மெக்கானிக்குகள் தயவுசெய்து கைவிட வேண்டும். பழுதான பகுதியை வெட்டி நீக்கி, புது வயர் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போர்த்தினேன். முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டால் அடுத்த மழைக்குள் பச்சை திரும்பிவிடும்.

முதலில் கழற்றிப் போட்ட பழைய சென்சார் ஆசிரியரின் வீட்டில் ஒரு டப்பாவில் கிடந்தது. அதை வெந்நீரில் ஆழ்த்தி, தெர்மாமீட்டரையும் மல்டிமீட்டரையும் பக்கத்தில் வைத்து, நீர் ஆற ஆறக் குறித்துக்கொண்டோம். 80 டிகிரியில் 310 ஓம். அங்கிருந்து சீராக ஏறி 30 டிகிரியில் 1,700. அதில் ஒரு குறையும் இல்லை.

(தொடரும்)