லஸ் ஹவுஸ் புச்சி பாபு

சென்னை அபிராமபுரத்திலிருந்து லஸ் முனைக்கு நடந்தே போய்விடலாம். அந்த வட்டாரத்தில் ‘லஸ் ஹவுஸ்’ என்றொரு பெரிய பங்களா இருந்தது. அதில் வாழ்ந்தவர் மோதவரபு வெங்கட மகீபதி நாயுடு. சென்னை அவரை புச்சி பாபு என்றே அறியும். 1868இல் பிறந்து 1908இல் மறைந்தார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது மிகையே அல்ல.

பாரி கம்பெனிக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த செல்வக் குடும்பம். வெள்ளைக்கார ஆயாக்களின் கவனிப்பில் வளர்ந்த பையனுக்குக் கிரிக்கெட் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது.

அன்று சேப்பாக்கம் மைதானம் 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கோட்டை. உறுப்பினர்கள் எல்லாரும் ஐரோப்பியர்கள். ஆட்டத்துக்கு அழைக்கப்படும் இந்தியர்கள்கூட பெவிலியனில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மர நிழல்தான் அவர்களுக்கு. இந்த அவமதிப்புக்கு புச்சி பாபு மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20தான். மட்டை, பந்து வாங்க வசதியில்லாத பையன்களுக்குத் தன் கைக்காசைச் செலவழித்தார். வேறு எதில் வேண்டுமானாலும் போட்டிருக்கக்கூடிய பணம் அது.

பம்பாயில் பார்சிகளும் ஐரோப்பியர்களும் 1892 முதலே ஆண்டுதோறும் மோதிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலும் வெள்ளையருக்கு எதிரே இந்திய அணி சரிசமமாக இறங்க வேண்டும் என்பதே புச்சி பாபுவின் கனவு. பல வருட முயற்சிக்குப் பிறகு 1908இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இசைந்தது. ஆட்டத்துக்கு ஏற்பாடெல்லாம் ஆனது. ஆனால் அணியை நடத்திச் செல்ல வேண்டியவர் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். பி. சுப்பிரமணியம் தலைமை ஏற்க, ஆட்டம் நடந்தது.

ஒருவர் போனதும் நின்றுபோகும் காரியமாக அவர் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் என்னை நெகிழ வைக்கிறது. 1915 முதல் அந்த ஆட்டம் பொங்கலையொட்டி வருடந்தோறும் நடக்கும் பிரசிடென்சி மேட்ச் ஆகி, 1952 வரை நீடித்தது.

மகன்களும் மட்டை பிடித்தார்கள். அவர்களில் தாய்வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போன கோட்டா ராமஸ்வாமி, தகப்பனார் இறந்தபோது 12 வயதுப் பையன். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936இல் மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டில் இறங்கி 40, 60 என்று ரன் எடுத்தபோது அவருக்கு 40 வயது. ஏறக்குறைய அதே வயதில்தான் தகப்பனார் போய்ச் சேர்ந்திருந்தார்.

தகப்பனாரின் பெயரில் நடத்தப்படும் புச்சி பாபு நினைவு கிரிக்கெட் போட்டி சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023இல் மீண்டும் உயிர்பெற்றது. 2024இல் கோவையில் மும்பை அணிக்காக சூர்யகுமார் யாதவும் ஷ்ரேயஸ் ஐயரும் அதில் ஆடினார்கள்.