நாலு செல்... நாலு வோல்டேஜ்!

குட்டீஸ்! எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமா? முதலில் ஒரு ‘பவர் சப்ளை’ வேண்டுமே! நீங்களே செய்யலாம், வாங்க.

1.5 வோல்ட் டார்ச் செல்கள் நான்கை, ஒன்றின் தலை அடுத்ததன் அடியைத் தொடும்படி, நீளவாக்கில் மடித்த அட்டையில் வரிசையாக வையுங்கள். இரு முனைகளிலும், செல்களுக்கு இடையிலும் அலுமினியத் தாள் பட்டைகளைச் செருகுங்கள். ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். கடைசி அடிப்பட்டையிலிருந்து எண்ணினால் 1.5, 3, 4.5, 6 வோல்ட் ரெடி!

பட்டைகள் ஒன்றோடொன்று உரசினால் செல் சூடாகிவிடும், கவனம்!

சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். 6 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். நடுவே 330 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்கட்டும்.

வீட்டு பிளக்கில் இருப்பதோ 230 வோல்ட். உயிரையே பறித்துவிடும். அந்தப் பக்கம் மட்டும் போகவே கூடாது, சரியா?